ஒரே நாள்ல மலையகமா? முதல்ல ஸ்வெட்டரை எடுத்து வைங்க

"ஒரே நாள்ல நுவரெலியாவை முடிச்சிடலாமா?"

இனிமே யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டா, பதில் சொல்லாம இந்தப் பதிவை அனுப்பிட்டு ஃபோனைக் கவுத்து வச்சிடப் போறேன்.

போன வாரம் சென்னையில இருந்து ஒரு நண்பரோட நண்பர் வாட்ஸ்அப்ல ஒரு திட்டம் அனுப்பினார். காலையில 6 மணிக்கு கொழும்புல கிளம்புறாங்க. வழியில பின்னவல யானை. கண்டியில தலதா மாளிகை. றம்பொடையில ஆஞ்சநேயர். சீதாஎலியவுல சீதையம்மன். கிரகரி வாவியில படகு. நடுவுல ஏதாவது ஒரு எஸ்டேட்டுல "டீ பறிக்கிற லேடீஸோட ஃபோட்டோ". ராத்திரி தூங்க எல்ல.

கடைசியில ஒரு வரி: "வேற எதாவது மிஸ் ஆகுதா பாஸ்?"

ஆகுது பாஸ். மலையகம் மிஸ் ஆகுது.

நான் ஹட்டன் பக்கத்துல ஒரு தோட்டத்துல பிறந்து வளர்ந்தவன். அம்மா ஓய்வு பெறுற வரைக்கும் கொழுந்தெடுத்தாங்க. அதனால கொஞ்சம் கோபம் கலந்துதான் வரும். ஆனா விஷயம் எல்லாம் உபயோகமான விஷயம். சண்டையைப் பிறகு போடலாம், முதல்ல பையை எடுத்து வைங்க.

தூரத்தைக் கேக்காதீங்க, நேரத்தைக் கேளுங்க

மேப்புல பார்த்தா கொழும்புல இருந்து நுவரெலியா 180 கிலோமீட்டர் கூட வராது. உங்க ஊரு நாலுவழிச் சாலையில அது ரெண்டரை மணி நேரம். இங்க? 5 மணி நேரம் ஆச்சுன்னா டிரைவரைப் பாராட்டுங்க. 6 ஆச்சுன்னா அவரைத் திட்டாதீங்க.

ஹட்டன்ல இருந்து நுவரெலியா 50 கிலோமீட்டர்கூட இல்ல. பஸ்ல ஒன்றரை மணி நேரத்துக்கு மேல போகும். வளைவு, ஏத்தம், மூடுபனி, முன்னாடி ஊர்ந்து போற மரக்கறி லொறி. (லொறியை முந்தச் சொல்லி டிரைவரை நச்சரிக்கிற மாமா ஒவ்வொரு வேன்லயும் ஒருத்தர் இருப்பார். அந்த மாமாவை நடு சீட்டுல உட்கார வைங்க.)

விளையாட்டுக்குச் சொல்லல. 2023 ஜனவரியில நானுஓயா றதெல்ல குறுக்கு வழியில பஸ், வேன், த்ரீவீலர் மோதி 7 பேர் போனாங்க. 2025 மே 11-ல கொத்மலை கெரண்டிஎல்லயில பஸ் பள்ளத்துல விழுந்து இருபதுக்கும் மேல செத்தாங்க. நீங்களே வண்டி ஓட்டுறதா இருந்தா ரெண்டு விஷயம்: இறக்கத்துல சின்ன கியர்ல இறக்குங்க, பிரேக்கை மட்டும் நம்பாதீங்க. இருட்டினதுக்குப் பிறகு மலை ஏறாதீங்க. அவ்வளவுதான்.

கோச்சி

எங்க ஊர்ல ரயிலுக்கு கோச்சின்னுதான் பேர். கொழும்பு கோட்டையில இருந்து பதுளைக்குப் போற மலைநாட்டுப் பாதை. உலகத்துலயே அழகான ரயில் பயணம்னு ஊரெல்லாம் சொல்றாங்க. நான் மறுக்கல.

ஆனா சில விஷயம் தெரிஞ்சு ஏறுங்க.

நுவரெலியாவுக்கு ரயில் நிலையம் கிடையாது. நானுஓயாவுல இறங்கணும். அங்க இருந்து 8, 9 கிலோமீட்டர் பஸ் இல்லேன்னா த்ரீவீலர். (ஒரு காலத்துல நானுஓயாவுல இருந்து நுவரெலியா வழியா ராகலை வரைக்கும் குட்டி ரயில் ஓடுச்சு. 1940-கள்ல அதை மூடிட்டாங்க. இப்ப இருந்திருந்தா டிக்கெட் கிடைச்சிருக்காது, அது வேற கதை.) நானுஓயாவுல த்ரீவீலர் ஏறும்போது காசை முதல்லயே பேசிடுங்க. ஏறின பிறகு பேசுறது பேரம் இல்ல, பிரார்த்தனை.

முன்பதிவு சீட்டு, பயணத் தேதிக்கு ஒரு மாசம் முந்தித் திறப்பாங்க. பிடிச்சா அதிர்ஷ்டம். கிடைக்கலன்னா அழாதீங்க, முன்பதிவில்லாத மூணாம் வகுப்புல ஏறுங்க. கூட்டம் இருக்கும், கால் மிதிபடும். ஆனா கடலை வடையும் இறால் வடையும் கூடையில சுமந்துக்கிட்டு ஒருத்தர் எப்படியாவது அந்தக் கூட்டத்துக்குள்ள நுழைஞ்சு வருவார். ஏசி பெட்டியில ஜன்னல் திறக்காது. ஜன்னல் திறக்காத பெட்டியில மலைநாட்டுப் பயணம் போறது என் கணக்குல வீண் செலவு.

கண்டி பக்கமா இருந்து முழு வழியும் வர நேரம் இல்லையா? ஹட்டன்ல இருந்து நானுஓயா வரைக்கும் மட்டுமாவது போங்க. ஹட்டனைத் தாண்டினதும் சிங்கமலைச் சுரங்கம், நாட்டுலயே நீளமான ரயில் சுரங்கம். உள்ளே போனதும் பள்ளிக்கூடப் பிள்ளைங்க 'ஊ'ன்னு கத்துவாங்க. நீங்களும் கத்தலாம், வயசு கேக்க மாட்டாங்க. பிறகு கொட்டகலை, தலவாக்கலை, வட்டகொடை, கிரேட் வெஸ்டர்ன், றதெல்ல. அருவியும் தேயிலையும் ரெண்டு பக்கமும் மாறி மாறி வரும். எந்தப் பக்க சீட்டு நல்லதுன்னு சண்டை போட வேணாம்.

கதவுல தொங்கி செல்ஃபி எடுக்காதீங்க. கரையில நிக்கிற மரமும் பாறையும் உங்களைப் பார்த்து ஒதுங்காது. அப்படி எடுக்கப் போய் உயிரை விட்டவங்க இருக்காங்க.

இன்னொன்னு. 2025 நவம்பர் கடைசியில வந்த டித்வா புயல்ல மலைநாடு ரொம்ப அடி வாங்கிச்சு. மண்சரிவு, உயிரிழப்பு, ரோடு, ரயில் பாதை எல்லாம். அதனால பழைய வீடியோவைப் பார்த்து திட்டம் போடாதீங்க. இன்னைக்கு கோச்சி எங்கிருந்து எங்க வரைக்கும் ஓடுது, எந்த ரோடு திறந்திருக்குன்னு விசாரிச்சிட்டு கிளம்புங்க. மழைக்காலத்துல மண்சரிவு எச்சரிக்கை வந்தா ஊருக்குத் திரும்பிடுங்க. ஹோட்டல் முன்பணம் போனாப் போகுது.

எப்ப வர்றது?

எல்லாரும் ஏப்ரல்ல வர்றாங்க. வசந்தகாலமாம். குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, கார் ரேஸ். ரூம் வாடகை ரெண்டு மூணு மடங்கு. கிரகரி வாவியைச் சுத்தி நடக்கிறதும் கதிர்காமத் திருவிழாவுல நடக்கிறதும் ஒன்னுதான். கூட்டம் பிடிக்கும்னா ஏப்ரல். பிடிக்காதுன்னா ஜனவரி கடைசியில இருந்து மார்ச் வரைக்கும். வானம் தெளிவா இருக்கும். ஹட்டன், தலவாக்கலை அடங்குற திம்புள்ள பிரதேசத்துல நல்ல மணமான தேயிலை வர்றதும் அந்த மாசங்கள்லதான்.

மே கடைசியில இருந்து செப்டம்பர் வரைக்கும் ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட், கினிகத்தேனை பக்கம் தென்மேல் பருவமழை பிச்சு எடுக்கும். வட்டவளை நாட்டுலயே அதிக மழை கொட்டுற இடங்கள்ல ஒன்னு. அந்த நேரத்துல ஊவா பக்கம் (பண்டாரவளை, அப்புத்தளை, பதுளை) ஓரளவு காய்ஞ்சிருக்கும். மலையோட ஒரு பக்கம் குடை, மறு பக்கம் கூலிங் கிளாஸ். அதனால 'மலைநாட்டுல மழையா?'ன்னு பொதுவா கேக்காதீங்க. எந்தப் பக்கம்னு கேளுங்க.

பைக்குள்ள என்ன?

ஸ்வெட்டர். ஸ்வெட்டர். ஸ்வெட்டர்.

நுவரெலியா கடல் மட்டத்துல இருந்து 1,868 மீட்டர். ஜனவரி, பிப்ரவரி விடியக்காலையில சில இடத்துல புல்லு மேல உறைபனி வெள்ளையா படிஞ்சிருக்கும். 'இலங்கைதானே, வெயில் நாடு'ன்னு அரைக்கால் சட்டையோட நானுஓயாவுல இறங்கி, அடுத்த அரை மணியில டவுன்ல ஜாக்கெட் கடையில நிக்கிறவங்களை வாரா வாரம் பார்க்கலாம். (அந்தக் கடைக்காரங்க வாழட்டும். விலையும் மோசமில்ல. மறந்துட்டு வந்தா அங்கேயே வாங்குங்க.)

ரூம் எடுக்கும்போது சுடுதண்ணி இருக்கான்னு கேளுங்க. "இருக்கு"ன்னு சொன்னா, எத்தனை மணியில இருந்து எத்தனை மணி வரைக்கும்னு கேளுங்க. கம்பளி எத்தனை தருவாங்கன்னும் கேளுங்க. வெட்கப்படாதீங்க.

மழை பெஞ்சதும் புல்லுல நடந்தா அட்டை ஏறும். அலறாதீங்க. சவர்க்காரத்தைக் கொஞ்சம் தண்ணியில குழைச்சு கால்லயும் காலுறையிலயும் பூசிக்கிட்டா ஏறாது. ஏறிட்டா உப்பு, இல்லேன்னா எலுமிச்சம்பழம். பிடிச்சு இழுக்காதீங்க. ரத்தம் கொஞ்ச நேரம் வடியும், பிறகு நின்னுடும். எங்க அம்மா மாதிரி ஆட்கள் மழைநாள்ல ஒரு மலையில கொழுந்தெடுத்து முடிக்கிறதுக்குள்ள எத்தனை அட்டையைத் தட்டி விடுவாங்கன்னு ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க. உங்க ஒரு அட்டை பெரிசாத் தெரியாது.

கையில காசு வச்சுக்கோங்க. டவுனை விட்டுத் தள்ளினா கார்டும் எடுக்காது, சிக்னலும் எடுக்காது. போயா (பௌர்ணமி) தினத்துல சாராயக்கடை பூட்டு. சில பேருக்கு இதுதான் இந்தப் பதிவுலயே முக்கியமான வரின்னு தெரியும்.

இப்ப ஃபோட்டோ விஷயத்துக்கு வருவோம்

முதல்ல நேரம். ஞாயிறு, போயா, தீபாவளி, பொங்கல்ல மலையில ஆள் இருக்க மாட்டாங்க. பச்சை மட்டும்தான். வேலை நாள்ல காலையில ஏழரை எட்டு மணிக்கெல்லாம் நெத்தியில கயிறு, முதுகுல கூடை இல்ல சாக்கு, இடுப்புல படங்கு கட்டிக்கிட்டு நிரையில நிப்பாங்க.

பகல்ல கொழுந்து மடுவத்துல தராசு வைப்பாங்க. அந்த நேரம் யாரும் சிரிக்கிற நேரம் இல்ல. சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவுன்னு கழிப்பாங்க. கணக்குப்பிள்ளை சொல்ற எண்ணையும் தராசு முள்ளையும் மாறி மாறிப் பார்த்துக்கிட்டு நிப்பாங்க. குறிச்ச கிலோவுக்கு வந்தா முழுப் பேர், அதாவது முழு நாள் கூலி. வராட்டி அரைப் பேர். ஒரு கிலோ குறைஞ்சாலும் அன்னைக்குப் பாதிக் கூலி போயிடும். சரியா அந்த நேரத்துல ஒரு வேன் வந்து நிக்கும். கலர் கண்ணாடி போட்ட ஒருத்தர் இறங்கி, "அக்கா, கொஞ்சம் கூடையோட இப்படித் திரும்புங்க"ன்னு கேப்பார்.

அக்கா திரும்புவாங்க. பாவம், நல்லவங்க.

திரும்பச் சொல்றதுக்கு முன்னாடி "எடுக்கலாமாக்கா?"ன்னு கேளுங்க. வேணாம்னு தலையாட்டினா விட்டுடுங்க. கூடையை வாங்கி நீங்க மாட்டிக்கிட்டு எடுக்கணுமா? அவங்க வேலை நேரத்தை எடுக்கிறீங்க, அதுக்குக் காசு கொடுங்க. பிச்சை மாதிரி இல்ல, கூலி மாதிரி. தோட்டத் தொழிலாளிக்கு நாள் சம்பளம் 2021-ல 1,000 ரூபா, 2024 செப்டம்பர்ல 1,350, 2026 ஜனவரியில இருந்து வருகைக் கொடுப்பனவு 200-ஐயும் சேர்த்து 1,750. இதுக்கு எத்தனை வருஷப் போராட்டம்னு இங்க எழுதத் தொடங்கினா நீங்க கோச்சியை விட்டுடுவீங்க. நுவரெலியா பெரிய ஹோட்டல்ல பின்னேரம் டீயும் கேக்கும் சாப்பிட்டு பில்லைப் பார்க்கும்போது இந்த எண்ணை மட்டும் ஞாபகம் வைங்க. போதும்.

லயத்துக்குள்ள (தோட்டத்து வரிசை வீடுகள்) எட்டிப் பார்க்காதீங்க. குளியல் பீலிப் பக்கம் கேமராவைத் திருப்பாதீங்க. யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டா போங்க, சாயத்தண்ணி கொடுப்பாங்க. உள்ளங்கையில சீனியை வச்சு, ஒரு நக்கு, ஒரு மடக்கு. அப்படித்தான் குடிக்கணும். கூப்பிடாம போகாதீங்க. உங்க வீட்டு வாசல்ல நாங்க வந்து கேமராவோட நின்னா எப்படி இருக்கும்?

வேன்ல இருந்து பிள்ளைங்களுக்கு டொஃபி வீசாதீங்க. றம்பொடைப் பாதையில பூங்கொத்தோட ஒரு பையன் ஓடி வருவான். நீங்க வாங்கலன்னா குறுக்கு வழியில மலை இறங்கி அடுத்த வளைவுல மூச்சு வாங்க நிப்பான். அதுக்கும் அடுத்த வளைவுல மறுபடி. வீடியோவுக்கு நல்லா இருக்கும். ஆனா அவன் அந்த நேரம் பள்ளிக்கூடத்துல இருக்கணும். நான் வாங்க மாட்டேன். நீங்க என்ன செய்வீங்களோ, உங்க மனசு.

அடுத்தது கோபத்தோட உச்சம். வண்டியை ஓரங்கட்டி தேயிலைக்குள்ள ஒதுங்காதீங்க! போத்தலை உடைச்சு வீசாதீங்க! நாளைக்குக் காலையில அதே நிரைக்குள்ள ஒரு பொம்பளை கையை விட்டுக் கொழுந்து எடுப்பாங்க. கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலைன்னு வழியெல்லாம் கடை இருக்கு. ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு, கழிப்பறை எங்கன்னு கேளுங்க. வேலை முடிஞ்சுது.

மலை ஏறப் போறவங்களுக்கு

சிவனொளிபாதமலை, 2,243 மீட்டர். டிசம்பர் போயாவுல இருந்து மே வெசாக் வரைக்கும்தான் பருவம். ஹட்டன்ல இருந்து நோர்வூட், மஸ்கெலியா வழியா நல்லதண்ணிக்கு பஸ். அங்க இருந்து 5,000-க்கும் மேல படி. சூரிய உதயம் பார்க்கணும்னா ராத்திரி ஒன்னு, ரெண்டு மணிக்குத் தொடங்குங்க. சனிக்கிழமையும் போயாவும் படியில வரிசை நகராது. வார நாள்ல போங்க. உச்சியில காத்து எலும்புக்குள்ள போகும், காய்ஞ்ச சட்டை ஒன்னு பையில இருக்கட்டும். பருவம் முடிஞ்சா விளக்கும் இல்ல, தேத்தண்ணிக் கடையும் இல்ல. ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போதுதான் முட்டி பேசும். (ரெண்டு நாளைக்குப் பேசும்.)

பஸ்ல போகும்போது மஸ்கெலியாவுல மவுசாக்கலை நீர்த்தேக்கத்தைப் பாருங்க. பழைய மஸ்கெலியா டவுன் அந்தத் தண்ணிக்குள்ளதான் இருக்கு. வறட்சியில தண்ணி இறங்கினா பழைய கோயில் எல்லாம் வெளியே தெரியும். இதை எந்தச் சுற்றுலா வேனும் நிறுத்திக் காட்டாது.

ஹோர்ட்டன் சமவெளிக்குப் போறவங்க விடியக்காலையிலேயே போயிடுங்க. 9, 10 மணிக்கு மேல அங்க 'உலக முடிவு'ங்கிற மலை விளிம்புல வெள்ளைப் பனி மட்டும்தான் தெரியும். பொலித்தீன் பையை வாசல்லயே வாங்கி வச்சிடுவாங்க, கோவிச்சுக்காதீங்க. நல்ல விஷயம்.

தேயிலை வாங்குறது

தமிழ்நாட்டுல இருந்து வர்றவங்க நுவரெலியா தேயிலையை விலை கொடுத்து வாங்கிட்டுப் போய், பால்ல போட்டுக் கொதிக்க வச்சிட்டு, "சாயமே இறங்கல, ஏமாத்திட்டாங்க"ன்னு மெசேஜ் போடுறாங்க.

யாரும் ஏமாத்தல. உயரத்துல விளையற தேயிலைக்கு மணம் அதிகம், நிறம் கம்மி. அதை வெந்நீர்ல சில நிமிஷம் வச்சு, பால் இல்லாம குடிக்கணும். பால் டீ ஆளுங்களுக்கு திம்புள்ள பி.ஓ.பி.எஃப். இல்லேன்னா டஸ்ட். அதுதான் கறுப்பா இறங்கும். பெட்டியில சிங்க இலச்சினை இருக்கான்னு பாருங்க; முழுக்க இலங்கைத் தேயிலை, இங்கேயே பொதி பண்ணினதுன்னு அர்த்தம். ஸ்டோர்ல (தேயிலைத் தொழிற்சாலையை நாங்க அப்படித்தான் சொல்வோம்) சுத்திக் காட்டுற இடங்கள்ல லபுக்கலையும் பீட்ருவும் நுவரெலியாவுக்குக் கிட்ட. ஆனா வாங்குறதை ஹட்டன், தலவாக்கலை டவுன் கடையிலயும் விசாரிங்க. பளபளப்பு பெட்டி இருக்காது, உள்ள இருக்கிறது அதே சாமான்தான்.

சரி, ஏன் இவ்வளவு கத்துறேன்?

இந்தக் கோபம் எனக்கு மட்டும் இல்ல. 2024 ஏப்ரல் 25-ல இருந்து இத்தாலியில வெனிஸ் நகரம், கூட்டம் கூடுற நாள்ல பகல்ல வந்து போறவங்ககிட்ட 5 யூரோ வாங்கத் தொடங்கிச்சு. அதே வருஷம் ஜூலையில பார்சிலோனாவுல ஊர்க்காரங்க சுற்றுலாப் பயணிகள் மேல தண்ணித் துப்பாக்கியால அடிச்சாங்க. காலையில வந்து, ஃபோட்டோ எடுத்து, குப்பையைப் போட்டுட்டு, சாயந்தரம் காணாம போற ஆட்களால ஊருக்கு ஒன்னும் மிஞ்சறதில்லங்கிறதும் அவங்க கோபத்துக்கு ஒரு காரணம்.

நாங்க தண்ணித் துப்பாக்கி தூக்க மாட்டோம். இங்க அந்த வேலையை வானமே பார்த்துக்கும்.

ஆனா கணக்கு அதேதான். கொழும்புல வேன், கொழும்புல சாப்பாட்டுப் பொதி, நடுவுல எங்க மலை பின்னணி. 1823-ல இருந்து இந்த மலையில உழைச்ச சனத்துக்கு அதுல ஒரு ரூபா வர்றதில்ல. 1948-ல குடியுரிமை போய், 2003 வரைக்கும் அதை முழுசா மீட்கப் போராடின சனம் இது. அவங்க பிள்ளைங்க இன்னைக்கு ஹட்டன்லயும் தலவாக்கலையிலயும் த்ரீவீலர் ஓட்டுறாங்க, ரொட்டிக்கடை வச்சிருக்காங்க, ரெண்டு மூணு ரூமைக் கட்டி வாடகைக்கு விடுறாங்க. தமிழ்லயே வழி காட்டுவாங்க. உங்களுக்கு மொழிப் பிரச்சினையே இல்ல.

அதனால என் தீர்ப்பு இதுதான். குறைஞ்சது ரெண்டு ராத்திரி. ஒரு ராத்திரி நுவரெலியா, ஒரு ராத்திரி ஹட்டன் பக்கம். காலைச் சாப்பாட்டை ஹோட்டல்ல சாப்பிடாம டவுன் கடையில தேங்காய் ரொட்டியும் கட்டசம்பலும் சாப்பிடுங்க. த்ரீவீலரை அந்த ஊர் பையன்கிட்டயே பிடிங்க. தேயிலையை அந்த ஊர்லயே வாங்குங்க. ரெண்டு ராத்திரி முடியாதுன்னா இந்தத் தடவை கண்டியோட நிறுத்திக்கோங்க, மலையகத்துக்கு அடுத்த லீவுல வரலாம்.

ஏப்ரல்லதான் வருவேன்னு அடம் பிடிக்கிறவங்க ரூமை இன்னைக்கே பதிவு பண்ணுங்க. சுடுதண்ணி நேரத்தை மறக்காம கேளுங்க.